வடசென்னையில் ஒரு நாள்: கோட்டையில் தொடங்குவதா, காசிமேட்டிலா, பழவேற்காட்டிலா?

பழைய ஊர் ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது தகவல் மையத்தைத்தான். வரைபடம் வாங்கலாம், எது எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுக்கொள்ளலாம், கழிப்பறை இருக்கும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் அப்படி ஓர் அலுவலகம் உண்டு. வடசென்னையில் அதை எதிர்பார்த்து இறங்க முடியாது. தமிழ்நாடு சுற்றுலாத் துறை வளாகம் இருப்பது வாலாஜா சாலையில், கூவத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் கோட்டை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, தேவாரத் தலம் இருக்கிறது, 1856-இல் ரயில் ஓடிய நிலையம் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு நாளுக்குள் கோத்துக்கொள்ள வேண்டியது அவரவர் பாடு.

இதில் தூரம் பெரிய சிக்கல் இல்லை. மெட்ரோ வந்த பிறகு தூரமெல்லாம் பழங்கதை. சிக்கல் நேரத்தில்தான். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் விடிவதற்குள் உச்சத்துக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் ஓய்ந்துவிடும். கோட்டை அருங்காட்சியகம் காலை 9 மணிக்குத்தான் திறக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். சௌகார்பேட்டைத் தின்பண்டக் கடைகளுக்கு உயிர் வருவது விளக்கு வைத்த பிறகு. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள், எல்லாவற்றின் பூட்டிய கதவையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், அடுத்த வாரம் மதுரையிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு கல்யாண வரவேற்பு. அதற்கு முந்தைய சனிக்கிழமை முழுவதும் சும்மா இருக்கிறார்கள். மெரினா, வண்டலூர், மால் எல்லாம் முந்தைய வருகைகளிலேயே முடிந்துவிட்டன. "உங்க பக்கம் என்னதான்டா இருக்கு?" என்பது சித்தப்பாவின் கேள்வி. தொண்டையார்பேட்டையில் குடியிருக்கிறவனைப் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்வியா இது? சித்தப்பாவுக்கு முட்டி வலி. சித்திக்குக் கோயில் இல்லாத நாள் நாளே இல்லை. மகள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். மகன் எட்டாவது, சாப்பாடு ஒன்றுதான் அவனுக்குச் சுற்றுலா. இவர்களை மனத்தில் வைத்து மூன்று வழிகளை எடைபோட்டுப் பார்த்தேன்.

கோட்டையில் தொடங்கினால்

தகவல் மையத்துக்கு மிக நெருங்கிய ஒன்று நம் பக்கம் இருக்கிறதென்றால் அது புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம்தான். மத்தியத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. இந்த ஊர் எப்படி உருவானது என்ற கதையை இங்கே ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டால், அப்புறம் பார்க்கிற தெருவெல்லாம் அர்த்தத்தோடு தெரியும். கட்டடமே 1795-இல் முடிந்தது. வணிகர்கள் கூடிப் பேரம் பேசிய இடம்.

பலரும் தேசியக் கொடியைப் பார்க்கத்தான் போகிறார்கள். 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் இந்தக் கோட்டைக் கொடிமரத்தில் ஏற்றிய பட்டுக் கொடி அது. 12 அடிக்கு 8 அடி. 2013-இலிருந்து பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் என்னைக் கேட்டால் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிலையின் முன்னால் இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கச் சொல்வேன். சிலைக்காக இல்லை, பீடத்துக்காக. ஆளுயரத்தைவிடப் பெரிய துரையை அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். குனிந்து பார்த்தால் பீடத்தில் ஒரு புடைப்புச் சிற்பம்: 1792-இல் தோற்ற திப்பு சுல்தான், தன் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைத்த காட்சி. சின்னப் பையன்கள். கார்ன்வாலிஸ் அவர்களை வாங்கிக்கொள்கிறார். லண்டனில் செதுக்கிக் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். வென்றவர்கள் எதைப் பெருமையாக நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். வரலாறு படிக்கிற தங்கைக்கு இது போதும், அரை மணி நேரம் பேசுவாள்.

பக்கத்திலேயே புனித மேரி தேவாலயம். 1680-இல் திறந்தது, இந்தியாவில் ஆங்கிலேயர் கட்டிய ஆங்கிலிக்கன் தேவாலயங்களில் இதுதான் பழையது. குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கூரையைக் கெட்டியான வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். கிளைவ் 1753-இல் கல்யாணம் பண்ணிக்கொண்டது இங்கேதான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலின் கல்யாணமும் இங்கேதான்.

ஒரு சங்கடம் உண்டு. கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருப்பதால் வாசலில் சோதனை. அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்க வேண்டும். சட்டமன்றம் நடக்கிற நாளாக இருந்தால் கெடுபிடி கூடும். பெரிய பைகளோடு போகாமல் இருப்பது நல்லது.

கோட்டையிலிருந்து வெளியே வந்தால் பாரிமுனைப் பக்கம் நடக்கிற தூரம்தான். உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள் தெரியும். 1892-இல் கட்டி முடித்த இந்தக் கட்டடத்தின் உச்சியில்தான் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. 1914 செப்டம்பர் 22 அன்று ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு போட்டதற்கான கல்வெட்டு கிழக்குப் பக்கச் சுவரில் இருக்கிறது. வழக்கு இல்லாமல் வளாகத்துக்குள் நுழைவது சுலபமில்லை. வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து அரண்மனைக்காரன் தெரு, அதாவது ஆர்மேனியன் தெரு. அங்கே 1772-இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம். வெளியே மீன்பாடி வண்டியும் லோடு ஆட்டோவும் முட்டிக்கொள்ளும். மரக்கதவைத் தாண்டினால் சத்தம் அப்படியே அடங்கிவிடும். முற்றத்தில் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை 1794-இல் வெளிவந்தது ஆர்மேனியாவில் அல்ல, நம் சென்னையில். அதை நடத்திய பாதிரியார் இந்த முற்றத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். பிற்பகலில் மூடிவிடுவார்கள் என்பதால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்குச் சித்தியை நடை சாத்துவதற்குள் அழைத்துப் போக வேண்டும். 1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டதாகக் கோயிலில் சொல்வார்கள். பாரதியார் அடிக்கடி வந்து நின்ற சன்னதி. சித்தப்பா பழைய கட்சிக்காரர். அவருக்கு இந்தக் கோயிலைவிடப் பவளக்காரத் தெரு முக்கியம். 1949 செப்டம்பர் 17 அன்று தி.மு.க. உருவான தெரு. நடக்கிற தொலைவுதான், ஆனால் முட்டி வலிக்காரரை இந்தத் தெருக்களில் நடக்கவிடக் கூடாது. நடைபாதை என்று எதுவும் மிச்சமில்லை. ஆட்டோ பிடித்தாலும் நெரிசலில் நகராது. கோட்டைத் திட்டத்தின் பெரிய பலவீனம் இதுதான். மே மாதமாக இருந்தால் பதினொரு மணிக்கு மேல் இந்தப் பக்கம் தலைகாட்டவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுன், அதாவது இந்தத் தெருக்கள் இருக்கிற பகுதி, வேறு ஊர். கடைகள் மூடியிருக்கும், தெரு காலியாக இருக்கும், மாடிகளில் பழைய மரத்தூண்களும் தொங்கு தாழ்வாரங்களும் கண்ணில் படும். படம் எடுக்கிறவர்களுக்கு ஞாயிறுதான் நாள். சந்தை இரைச்சலைப் பார்க்க வேண்டியவர்களுக்குச் சனி.

காசிமேட்டில் தொடங்கினால்

இது என் மனத்துக்கு நெருக்கமான வழி, அதனாலேயே என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

நாலரை மணிக்குள் எழுந்து, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, தண்ணீர் தெறித்தால் கவலையில்லாத உடையில் போக வேண்டும். விசைப்படகுகள் கரை சேர்ந்து, மீனைத் தரையில் கொட்டி, சுற்றிலும் வியாபாரிகள் கூடி நிற்க ஏலம் போகும். ஏலம் விடுகிறவர் மீனைப் பார்ப்பதே இல்லை. கூட்டத்தின் முகங்களைத்தான் பார்க்கிறார். ஒரு தலையாட்டல், ஒரு கண் சிமிட்டல், விலை ஏறும். என்ன நடந்தது என்று நமக்குப் புரிவதற்குள் கூடை கைமாறி, மேலே ஐஸ் கொட்டியாயிற்று. குறுக்கே நின்றால் திட்டு விழும். நம் மாதிரி வீட்டுக்காரர்கள் ஏலத்தில் கைவைக்க முடியாது. வெளியே கூறு கட்டி உட்கார்ந்திருக்கும் அக்காக்களிடம்தான் வாங்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேரத்தைத் தொடங்க வேண்டும். சங்கரா, கானாங்கத்தை, நெத்திலி, கடம்பா எல்லாம் கட்டுப்படியாகும். வஞ்சிரமும் வவ்வாலும் ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். வெட்டிச் சுத்தம் செய்ய அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள், அதற்குத் தனிக் காசு.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பைபர் படகுகள் மட்டும் கரையோரம் போய் வரும். பள்ளி விடுமுறையில்தான் சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அப்போதுதான் காசிமேடு களையிழந்து கிடக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் வருகிறவர்கள் இந்தத் திட்டத்தைப் படிக்காமலே தாண்டிவிடலாம்.

காசிமேட்டிலிருந்து ராயபுரம் ரயில் நிலையம் கிட்டத்தில். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் ராணிப்பேட்டைப் பக்கத்து வாலாஜா ரோடு நிலையத்துக்குக் கிளம்பியது. இன்னும் நிற்கிற நிலையக் கட்டடங்களில் நாட்டிலேயே பழையது. தூண்களைப் பார்க்கலாம், நின்று ஒரு படம் எடுக்கலாம், கால் மணி நேர வேலை. ராயபுரத்தில் 1910-இல் கட்டிய பார்சிகளின் அக்னிக் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடையாது, ஆனால் பார்சிகள் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. அண்ணா பூங்கா, பழைய ராபின்சன் பூங்கா: 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். சித்தப்பா அங்கே ஒரு பெருமூச்சு விடுவார்.

காலை டிபனை முடித்துக்கொண்டு மெட்ரோவில் ஏறினால் திருவொற்றியூர் தேரடி. நிலையத்திலிருந்து தியாகராஜர் கோயில் சில நிமிட நடை, சித்தப்பாவின் முட்டியும் சம்மதிக்கும். தேவார மூவரும் பாடிய தலம். மூலவரான ஆதிபுரீசுவரர் புற்று வடிவம், வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறப்பார்கள். பின்பக்கம் வளைந்த விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாம் இராஜேந்திரன் காலத்துக் கல் வேலை.

ஆனால் இந்தக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது சுந்தரர் கதையைத்தான். ஏற்கெனவே திருவாரூரில் பரவையார் இருக்க, இங்கே சங்கிலியார்மேல் ஆசை வந்துவிட்டது. "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம். சுந்தரர் சிவனிடமே போய், "நான் சன்னதியில் சத்தியம் பண்ணும் நேரத்தில் நீங்கள் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள்" என்று ஏற்பாடு செய்கிறார். சிவன் சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியார் கனவில் போய், "சத்தியத்தை மகிழ மரத்தடியில் வைத்துக் கேள்" என்கிறார். மாட்டிக்கொண்டார். பின்னாளில் வார்த்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போயிற்று. தலமரமான மகிழ மரம் கோயிலுக்குள் இருக்கிறது. எட்டாவது படிக்கிறவனும் இந்தக் கதைக்கு வாய் திறந்து உட்காருவான்.

பௌர்ணமியாக இருந்தால் யோசித்துப் போகவும். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் இங்கே வடிவுடையம்மன், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று அம்மனையும் தரிசிக்கிற வழக்கம் உண்டு. சித்தி போன்றவர்களுக்கு அந்த ஒரு நாளே முழுச் சுற்றுலா. மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

பக்கத்துக் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி. மெரினா மாதிரி மணல் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், பாறைக்கல் கொட்டிய கரை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும், சிறுவர்களின் கையை விடக் கூடாது.

இந்தத் திட்டத்தில் ஒரு குடும்பப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. மீன் வாங்கிவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போக முடியாது. யாராவது ஒருவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். உள்ளூரில் சொந்தக்காரர் வீடு இருந்து, அங்கே குழம்பு கொதித்தால்தான் காசிமேடு முழுமை. விடுதியில் தங்குகிறவர்களுக்குப் பாதி அனுபவம்தான்.

பழவேற்காட்டுக்கே போய்விட்டால்

நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். கார் இருந்தால் வசதி. ஆங்கிலேயர் சென்னைக்கு வருவதற்கு முன்பே டச்சுக்காரர்கள் இங்கே கால் ஊன்றிவிட்டார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை. துணி வாங்கி ஏற்றுமதி செய்தார்கள்; துணியோடு ஆட்களையும் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பாடப்புத்தகத்தில் இந்த இரண்டாவது வியாபாரத்துக்கு அவ்வளவாக இடம் கிடைப்பதில்லை. கோட்டையை ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். இப்போது புதர் மண்டிய மேடுதான்.

பார்க்கக் கிடைப்பது டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலில் பக்கத்துக்கு ஒன்றாகக் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு. உள்ளே கல்லறைப் பலகைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்தும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. பையனுக்கு வாசல் பிடிக்கும், தங்கைக்கு உள்ளே பிடிக்கும். ஊருக்குள் ஒரு பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் இருக்கிறது. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரல் நீளச் சிற்பங்களாக ராமாயணம். பனை ஓலையில் பெண்கள் முடையும் பெட்டிகள் வாங்கி வரலாம்.

ஏரிதான் எல்லோரையும் இழுக்கிறது, ஏமாற்றுவதும் அதுதான். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. பூநாரைகள் குளிர்காலத்தில் வருகின்றன, ஆனால் ஊர்ப் படித்துறையில் வந்து நிற்காது. அண்ணாமலைச்சேரிப் பக்கம் போய், தொலைநோக்கியோடு பொறுமையாக இருந்தால் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்கப்புறம் சுற்றுலாப் படகுக்குத் தடை விதித்தார்கள். கரையில் யாராவது "வாங்க சார், ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டால், உயிர்காப்பு உடை இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், கார் இருந்து, பறவையிலோ டச்சு வரலாற்றிலோ ஆர்வம் இருந்தால் பழவேற்காடு. மற்ற மாதங்களில், அரை நாள் பயணத்திலேயே போய்விடும். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார்.

எங்கள் வீட்டு முடிவு

சித்தப்பா குடும்பம் பாண்டியனில் சனிக்கிழமை விடியற்காலை எழும்பூரில் இறங்குகிறது. ராத்திரி முழுக்க ரயிலில் வந்தவர்களை அப்படியே ஏலக்கூடத்துக்கு ஓட்டிப்போவது பாவம். காசிமேடு அதிலேயே அடிபட்டது. பழவேற்காட்டுக்குச் சித்தப்பாவின் முட்டி சம்மதித்தாலும் சித்தி சம்மதிக்க மாட்டார்.

எனவே கோட்டை, ஆனால் முழுசாக இல்லை. குளித்துச் சாப்பிட்டு ஒன்பதரைக்கு அருங்காட்சியகம், மேரி தேவாலயம். அங்கிருந்து ஆட்டோவில் ஆர்மேனியன் தெரு, காளிகாம்பாள். மண்ணடியில் மதியச் சாப்பாடு. சித்திக்குச் சைவம், மற்றவர்களுக்குப் பிரியாணி. வெயில் நேரத்தில் மெட்ரோவில் ஏறித் தொண்டையார்பேட்டை வீட்டில் ஒரு தூக்கம். நாலரைக்குத் தேரடி. திருவொற்றியூரைக் கோட்டைத் திட்டத்துக்குள் இழுத்துவிட முடிவது மெட்ரோ புண்ணியத்தில்.

இரவுக்குத்தான் வீட்டில் இரண்டு கட்சி. தங்கச்சாலைத் தெருப் பக்கம் போய் முறுக்கு சான்ட்விச், காக்கடா ராம்பிரசாத் ஜிலேபி, சீனா பாய் கடையில் நெய்யும் பொடியும் மிதக்கும் இட்லி என்பது ஒரு கட்சி. பர்மா பஜார்ப் பக்கம் பர்மிய நூடுல்ஸ் வகைகளான அத்தோ, வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா என்பது இன்னொன்று. சித்தி கூட வருவதால் சௌகார்பேட்டை ஜெயித்தது. பக்கத்திலேயே வள்ளலார் பாடிய கந்தகோட்டமும் இருப்பது கூடுதல் ஓட்டு. காரை எடுத்துக்கொண்டு மட்டும் அந்தத் தெருவுக்குப் போகாதீர்கள்.

உங்கள் விருந்தாளிகள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்றால் இந்த வரிசை உதவாது, அருங்காட்சியகம் பூட்டியிருக்கும். அன்று வடிவுடையம்மனில் தொடங்கி, ராயபுரம் நிலையம் பார்த்து, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி வாங்கிக்கொண்டு, மாலையில் சௌகார்பேட்டைக்கு வரலாம்.

சித்தப்பாவிடம் போனில் சொல்லியாயிற்று: எல்லோருடைய ஆதாரும் கையில் இருக்க வேண்டும், குடை வேண்டும், பெரிய பை வேண்டாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப மீனு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை நான் போய் வாங்கிக்கொண்டு வருகிறேன், நீங்கள் தூங்குங்கள் என்றேன். பையன் மட்டும் என்னோடு வருவதாக இருக்கிறான். ரப்பர் செருப்பு அவனுக்கு இங்கே வாங்கிக்கொள்ளலாம்.